தட்டியைப் பிடித்த கை

கையில என்னத்த இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கன்னு கேக்குறீங்க. பேப்பர்க்கா. ஒத்தைப் பேப்பர். தூறல் பட்டுறக் கூடாதுன்னு கவருக்குள்ள கவரு போட்டு வச்சிருக்கேன். சன்னலோரம் வேணாம், மாறி உக்காருங்கன்னு உங்களைக் கேட்டதும் இதுக்குத்தான். தப்பா நினைச்சுக்காதீங்க. முன்னப்பின்ன தெரியாதவுககிட்ட வாயைத் தொறக்குற ஆளே இல்ல நானு. கல்யாணமாகி வந்த புதுசுல, "இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வருமா வராதா"ன்னு தெருவுல கேட்டிருக்காக. இன்னைக்கு என்னமோ பேசணும்போல இருக்கு. டவுன் வர இன்னும் நேரமிருக்குல்ல?

நீங்க எந்த ஊருக்கா? அங்க எந்தப் பக்கம்? சரி, சொல்லாட்டிப் பரவால்ல. எங்க ஊர்ல அதைக் கேட்டுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்போம். பழக்கம்.

இந்தா பாருங்க. மெதுவா, மடிப்புல கிழிஞ்சிரும். ரோட்டுல உக்காந்திருக்க கூட்டத்துல நடுவுல தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒருத்தி இருக்காள்ல, அது நான். மடியில இருக்கது எங்க பாப்பா. கனிஷ்கா. எங்க வீட்டுக்காரர் வச்ச பேரு. மாமியாவுக்கு வாயில நுழையாது, கனின்னுதான் கூப்பிடுவாக. முகம் நல்லாத் தெரியுதுல்ல? கறுப்பு வெள்ளையில வந்ததால நிறம் தெரியல. நல்ல நிறம். அவுக அப்பா நிறம்.

இதுதான்க்கா அவளுக்கு இருக்க ஒரே போட்டோ. வேற ஒண்ணுகூட இல்ல. மொட்டை போட்டுக் காது குத்துற வரைக்கும் பிள்ளையப் போட்டோ எடுக்கக் கூடாதும்பாக எங்க வீட்டுல. கண்ணு பட்டுருமாம். ஒருக்கா எங்க வீட்டுக்காரர் செல்லுல எடுத்துட்டாகன்னு மாமியா சோறு திங்காமப் படுத்துக்கிட்டாக. அழிச்சுக் காட்டுன பெறகுதான் தட்டுல கை வச்சாக. வர்ற தையில குலசாமி கோயில்ல மொட்டை போடுறதா இருந்துச்சு. கம்மல்கூட எடுத்து வச்சாச்சு. தை இன்னும் வரல. பிள்ளை போயிருச்சு.

அழுகலக்கா. இப்பல்லாம் அழுகை வர மாட்டேங்குது. நீங்க கேளுங்க.

ஸ்டுடியோவுக்குத்தான் போறேன். போன வாரமும் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்குல்ல, மாடியில, அந்தக் கடை. இதைக் காட்டி, எங்க பாப்பாவை மட்டும் தனியாப் பிரிச்சுப் பெருசாக்கித் தாங்கன்னு கேட்டேன். அவர் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு ஒரு சேதி சொன்னாரு. அந்தச் சேதிக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்குப் போறேன். அதுக்கு முன்னாடி, இந்தக் கூட்டம் எதுக்குன்னு சொல்லணும்ல?

மறியல்க்கா. எங்க ஊர் மறியல்.

எங்க ஊருக்கு ஆஸ்பத்திரி வந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரி இல்ல, நர்சம்மா ஆஸ்பத்திரி. தடுப்பூசி போடுறது, மாசமா இருக்கவுகளைப் பாக்குறது, பிள்ளைகளுக்கு வயித்தால போனா, காச்சலடிச்சா மருந்து குடுக்குறது. நர்சம்மா குடியிருக்க வீடும் அதோட சேத்து. எந்நேரம் கதவைத் தட்டுனாலும் ஆளு இருக்கும்னாக. கேட்டப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. பெறகுதான் எங்க கட்டப் போறாகன்னு தெரிஞ்சது. காலனியில.

அங்கதான் அரசாங்கத்துப் புறம்போக்கு இருக்காம். ஒரு டாக்டரம்மா காருல வந்து, ஊருக்கும் காலனிக்கும் பொதுவா நின்னு, "ரெண்டு பக்கத்துக்கும் நடக்குற தூரம்தான், இது எல்லாருக்கும் உள்ளது"ன்னு சொல்லுச்சு. தூரமாக்கா பிரச்சனை? எங்க ஊர்ப் பொம்பளைக அந்தத் தெருவுக்குள்ள போனதே இல்ல. காலனிக்காரவுக இங்க வருவாக, களை எடுக்க, நாத்து நட. நாங்க அங்க போறது வழக்கமில்ல. பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி அவுக பெஞ்சில அவுகளோட வரிசையில உக்காரணும்னா எப்படி? நான் சொல்லலக்கா. பேசிக்கிட்டாக.

எங்க ராசாங்கம் மாமா இருக்காக. மாமான்னா சொந்த மாமா இல்ல, ஊர்ல பெரியவுக, ரைஸ் மில்லு வச்சிருக்காக. பஞ்சாயத்துத் தலைவர் எலெக்சனுக்கு நிக்கிறவுக. நல்ல மனசு. "என் மில்லுக்குப் பக்கத்துல இடம் தாரேன், இங்க கட்டுங்க"ன்னு சொன்னாக. டாக்டரம்மா, "ரொம்ப சந்தோசம், அரசாங்கத்துப் பேருக்கு எழுதிக் குடுங்க"ன்னுச்சு. மாமா, "எழுதியெல்லாம் தர மாட்டேன், என் வாக்கு போதும்"னாக. அந்தம்மா வாக்கை நம்பல. காலனியிலயே கட்டடத்துக்கு வானம் தோண்ட ஆரம்பிச்சுட்டாக. பெரிய மனுசன் பேச்சுக்கு மதிப்பில்லாமப் போச்சுன்னு ஊரே கொதிச்சுப் போச்சு.

முதல் மண் லாரியக் குறுக்க படுத்து மறிச்சது எங்க வீட்டுக்காரர்தான். மாமா தோள்ல தட்டிக் குடுத்து, "ஆம்பளைன்னா இவன்டா"ன்னாக. வீட்டுக்கு வந்து அன்னைக்கு ரெண்டாந்தடவை சோறு வாங்கித் தின்னாக. அம்புட்டுச் சந்தோசம்.

பெறகு மெயின் ரோட்டுல மறியல்னாக. பொம்பளைக பிள்ளைகளோட முன்னாடி உக்காந்தா போலீஸ்காரன் தொட மாட்டான்னு மாமா சொன்னாக. நான் வரலைன்னேன். கூட்டம்னாலே எனக்கு வேர்த்துரும். மாமியா விடல. "ஊரே போகுது, நீ மட்டும் ஊமைக்கோட்டான் மாதிரி அடுப்படியில உக்காந்திருந்தா என்ன சொல்லுவாக? பிள்ளையத் தூக்கு"ன்னாக.

போனேன். உண்மையச் சொன்னா நல்லாத்தான்க்கா இருந்துச்சு. கல்யாணமாகி வந்ததுல இருந்து கோயிலுக்கும் ரேசன் கடைக்கும் தவிர அப்படி எல்லாரோடயும் உக்காந்ததே இல்ல. எலுமிச்சம்பழச் சோறு குடுத்தாக. பக்கத்துல எங்க கோமளா மதினி. அவுகளுக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு போலீஸ்காரர் வெயில்ல நெளிஞ்சுக்கிட்டு நின்னாரு. "ஏத்தா, அவருக்கும் ரெண்டு வாய் சோத்தக் குடுங்க, நம்மளப் பிடிக்கத் தெம்பு வேணும்ல"ன்னாக. அந்தப் போலீஸ்காரரே சிரிச்சுட்டாரு. கோசம் போடுறப்பல்லாம் எங்க பாப்பா கையைக் கையைத் தட்டுச்சு. எதுக்குத் தட்டுறோம்னு அதுக்கு என்ன தெரியும். எல்லாரும் கத்துனா அதுக்குச் சிரிப்பு.

யாரோ என் கையில ஒரு தட்டியைக் குடுத்துட்டுப் போயிட்டாக. மூங்கில் குச்சியில அட்டை ஒட்டுன தட்டி. நான் அஞ்சாப்புதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். காலனியில் ஆஸ்பத்திரி வேண்டாம்னு எழுதியிருந்துச்சு. எனக்குத் தூக்கிப் பிடிக்க வெக்கம். மடியில சாச்சு வச்சிருந்தேன். பாப்பா அதோட ஓரத்தைப் புடிச்சுக்கிச்சு. எதைக் கண்டாலும் புடிச்சுக்கிற கை அது. என் தாலிக்கயிறு, அவுக அப்பா மீசை, மாட்டு மூக்கணாங்கயிறு, எதையும் விடாது. புடிச்சா பிரிக்க முடியாது. அந்நேரம் பேப்பர்க்காரரு குனிஞ்சு போட்டோ எடுத்தாரு. நான் தலையக் கவுத்துக்கிட்டேன். அவ அவரைப் பாத்துச் சிரிச்சா.

மறுநாள் பேப்பருல வந்துருச்சு. மாமா ஆளு விட்டுக் கொண்டாந்து குடுத்தாக. வீட்டுக்காரர் செவுத்துல ஒட்டுனாக. மாமியா மட்டும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, "மொட்டை போடாத பிள்ளைய இப்ப ஜில்லாவே பாத்துருச்சு"ன்னாக. சாயங்காலம் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டாக. மிளகாய் நெடியே வரலக்கா. நெடி வராட்டிக் கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். அப்பவே எனக்குத் திக்குன்னுச்சு.

தாலுகாபீசுல கூட்டம் போட்டுப் பேசுனாக. காலனிப் பக்கமிருந்தும் வந்தாக, நம்ம பக்கமிருந்தும் போனாக. எலெக்சன் வருது, ரெண்டு பக்கத்தையும் பகைச்சுக்க முடியாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாகளாம். முடிவு வர்ற வரைக்கும் வேலைய நிப்பாட்டுங்கன்னு ஆயிருச்சு. அதுக்குள்ள ஒரு அறைக்கு மட்டும் கூரை போட்டிருந்தாக, மத்த செவுரெல்லாம் இடுப்பளவுதான். அப்படியே நின்னு போச்சு. அன்னைக்கு ஊருக்குள்ள வெடி போட்டாக. ஜெயிச்சாச்சுன்னு. அங்க குடியிருக்க வர்றதா இருந்த நர்சம்மாவை வேற ஊருக்குப் போட்டுட்டாக. புதன்கிழமை மட்டும் வரும், பால் சொசைட்டி வாசல்ல உக்காந்து ஊசி போட்டுட்டுப் போயிரும்.

ஐப்பசி மழை. ஒரு வியாழக்கிழமை காலையில பாப்பாவுக்கு வயித்தால போக ஆரம்பிச்சது. பாருங்க, வியாழக்கிழமை. ஒருநாள் முன்னாடி வந்திருந்தா நர்சம்மா இருந்திருக்கும். ஒருநாள்தான்க்கா. குடுப்பினை இல்ல.

மாமியா பாத்துட்டுச் சீரு தட்டிருச்சுன்னாக. தீட்டுக்காரி யாரோ பிள்ளையத் தூக்கிட்டா, அதான் சீருன்னு. மேலத்தெருவுல ஒருத்தர் மந்திரிப்பாரு. மந்திரிச்சுக் கயிறு கட்டுனோம். தண்ணி குடுக்காத, குடுத்தா இன்னும் போகும்னாக மாமியா. அவுக நாலு பிள்ளை வளத்தவுக. நான் என்னத்தக் கண்டேன். பிள்ளை டம்ளரைக் கண்டா எட்டி எட்டிப் புடிக்கும். நான் டம்ளரைச் சேலைக்குள்ள மறைச்சுக்குவேன். நாக்கை நனைச்சு நனைச்சு என் வாயையே பாக்கும்.

இல்லக்கா, பாட்டில் உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு வேண்டாம். தாகமில்ல. தாகமிருந்தாலும் இப்பல்லாம் தண்ணி இறங்க மாட்டேங்குது.

மறுநாள் எங்க கொல்லையில மாட்டுத்தொழு கூட்ட மாரிக்கண்ணு வந்தா. காலனிப் பொண்ணு. என் வயசுதான் இருக்கும். அவளுக்கும் கைப்பிள்ளை இருக்கு. படலுக்கு அந்தப் பக்கம் நின்னு பிள்ளையப் பாத்துட்டு, "ஏங்க, கண்ணு உள்ள போயிருச்சே. நர்சம்மா எங்கிட்ட உப்புப் பொட்டலம் குடுத்து வச்சிருக்கு. தண்ணியில கலக்கிக் குடுத்தா நிக்கும். எம்பிள்ளைக்கு நின்னுச்சு. கொண்டாரட்டுமா?"ன்னா.

மாமியா வாசல்ல இருந்தாக. திரும்பி என்னைப் பாத்தாக. பாத்தாக, அவ்வளவுதான்.

நான் என்னக்கா சொல்ல? அவ தெருவுல ஆஸ்பத்திரி வேண்டாம்னு தட்டி புடிச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்தவ நான். அது பேப்பருல வேற வந்திருக்கு. அவ வீட்டுல இருக்க மருந்தை எந்த மூஞ்சியோட வாங்குறது? நாளைக்கு அவுக தெருவுல சிரிக்க மாட்டாகளா? "வேண்டாம்"னேன். சத்தம்கூட சரியா வரல. அவ விளக்குமாத்த எடுத்துக்கிட்டுத் தொழுவுக்குப் போயிட்டா.

அவளாவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல? ஒரு தடவைதான் கேட்டா. ரெண்டாந்தடவை கேட்டிருந்தா வாங்கியிருப்பேன். சத்தியமா வாங்கியிருப்பேன். படல்ல போட்டுட்டாவது போயிருக்கலாம். ஒரு பிள்ளை பெத்தவளுக்கு அது தெரிய வேணாமா? எனக்கு அவ மேல அந்த வருத்தம் இருக்கத்தான் செய்யுது.

மத்தியானத்துக்கு மேல பிள்ளை துவண்டுருச்சு. அழுதா கண்ணீர் வரல. கிலுகிலுப்பையைக் கையில வச்சேன். கீழ விழுந்துச்சு. மறுபடி எடுத்து வச்சு விரலை நானே மடக்கிவிட்டேன். விழுந்துச்சு. அப்பத்தான்க்கா எனக்குப் பயம் வந்துச்சு. புடிச்சா விடாத கை அது. நான் கத்துன கத்துல தெருவே வந்துருச்சு. அதுவரைக்கும் என் சத்தத்தை அந்த ஊர்ல யாரும் கேட்டதில்ல.

எங்க வீட்டுக்காரர் வயல்ல இருந்து ஓடியாந்தாக. ஆம்புலன்சு வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டாம பால் வேனுல ஏறிட்டோம். மழை. மெயின் ரோடு பாலத்துல தண்ணி போகுதுன்னு டிரைவர் காலனி வழியா விட்டாரு. நான் அந்தத் தெருவுக்குள்ள போனது அதுதான் முதல் தடவை. அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போனோம். கூரை போட்ட அறைக்குள்ள ஆடுக மழைக்கு ஒதுங்கி நின்னுச்சு. குட்டியெல்லாம் நனையாம நின்னுச்சு. எம்பிள்ளைக்கு முந்தானையப் போத்தியிருந்தேன். வேனு ஒழுகுச்சு.

டவுன் ஆஸ்பத்திரியில டாக்டரு தொட்டுப் பாத்தாரு. சின்ன வயசு டாக்டரு. ஸ்டெதஸ்கோப்பை வச்சவரு எடுக்கவே இல்ல ரொம்ப நேரம். "ஏம்மா, வழியில ஒரு வாய் உப்புத்தண்ணி யாரும் குடுக்கலையா? உங்க ஊர்ல சப்சென்டர் கட்டுறதாச் சொன்னாங்களே?"ன்னாரு. மாமியா மாரடிச்சுக்கிட்டு அழுதாக. எங்க வீட்டுக்காரர் தரையப் பாத்துக்கிட்டு நின்னாக. டாக்டரு கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டாரு. நானாவது சொல்லியிருக்கலாம், இடப் பிரச்சனைன்னு. எனக்குத்தான் பேச வராதே.

எல்லாம் இந்தப் போட்டோவால வந்ததுதான்க்கா. கண்ணு பட்டுருச்சு. ஜில்லாக்காரன் பூரா எம்பிள்ளை சிரிப்பைப் பாத்துட்டான். மொட்டை போடுறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்க்காரரு எடுத்திருக்கக் கூடாது. நானும் சேலையப் போத்தி மறைச்சிருக்கணும். மாரிக்கண்ணுகூட எங்க கொல்லைக்கு இப்ப வர்றதில்ல.

எங்க வீட்டுக்காரரா? அவுக பேசுறதே இல்ல. சாயங்காலமானா காலனிப் பக்கம் போயி அந்த அரைகுறைக் கட்டடத்துல உக்காந்துக்கிறாக. மாமியா, காத்துக் கருப்பு அடிச்சிருக்கு, பூசாரிகிட்டக் கூட்டிட்டுப் போகணும்கிறாக. ஒருநாள் ரோட்டுல இருந்து எட்டிப் பாத்தேன். ஒரு தென்னந்தொடப்பத்தை வச்சுக்கிட்டு ஆட்டுப் புழுக்கையக் கூட்டித் தள்ளிக்கிட்டிருக்காக. கூரை இருக்க அந்த ஒரு அறையை. காலனி ஆளுக தள்ளி நின்னு பாத்துக்கிட்டிருக்காக. ஆளும் பேரும் இல்லாத இடத்தை யாருக்குக்கா கூட்டுறாக? எனக்கு ஒண்ணும் விளங்கல.

ராசாங்கம் மாமாதான் ஆறுதல். எழவுக்கு வந்தவுக போற வரைக்கும் கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருந்தாக. இப்ப வர்ற திங்கக்கிழமை மறுபடி மறியல் வச்சிருக்காக. நம்ம பக்கம் ஆஸ்பத்திரி இல்லாமத்தான் ஒரு பச்சைப்பிள்ளை போச்சு, மில்லுக்குப் பக்கத்துலயே கட்டுங்கன்னு. கட்டுனா பாப்பா பேரை வைக்கச் சொல்லிக் கேப்பாகளாம். பெரிய பிளக்ஸ்ல அவ படத்தைப் போட்டு என்னைப் பக்கத்துல உக்கார வைக்கணுமாம். "நீ ஒண்ணும் பேச வேண்டாத்தா. சும்மா உக்காரு, போதும்"னாக. ஸ்டுடியோவுக்குக் காசும் அவுகதான் குடுத்துவிட்டாக.

இப்ப அந்த ஸ்டுடியோக்காரர் சொன்ன சேதி. பாப்பா முகத்தைப் பெருசாக்கலாம், பின்னாடி இருக்க கூட்டத்தை அழிச்சுட்டு ரோஸ்கலர்ல பூவெல்லாம் போடலாம், உங்களையும் எடுத்துரலாம்னாரு. எல்லாம் சரி. "இந்தத் தட்டிதாம்மா பிரச்சனை. பிள்ளை கை இதுல ஒட்டியிருக்கு. தட்டியை எடுத்தா கையும் சேந்து போயிரும். இந்த வேண்டாம்கிற எழுத்து இருக்குல்ல, அதுக்கு மேலயே விரலு இருக்கு. பேப்பர் போட்டோ, புள்ளி புள்ளியா இருக்கு, தனியாப் பிரிக்க வராது"ன்னாரு. வேற பிள்ளை கையை ஒட்டவான்னு கேட்டாரு. அவரும் நல்லதுக்குத்தான் கேட்டாரு.

மாமாகிட்டச் சொன்னேன். "தட்டியை எடுத்துரச் சொல்லு. அந்த எழுத்து பிளக்ஸ்ல வந்துச்சுன்னா மானம் போயிரும். கை இல்லாட்டி என்ன, முகம்தான முக்கியம்"னாக. அவுககிட்டக் கேட்டேன், எங்க வீட்டுக்காரர்கிட்ட. ரொம்ப நேரம் பேப்பரையே பாத்தாக. பேப்பரைத் தொடல. "உன் இஷ்டம்"னாக. பிள்ளை போன பெறகு அவுக எங்கிட்டப் பேசுனது அந்த ஒண்ணுதான்.

முகம் எனக்குக் கண்ணை மூடுனாத் தெரியுதுக்கா. கைதான் தெரிய மாட்டேங்குது. கையை நினைச்சா கிலுகிலுப்பை விழுந்த கைதான் வருது. டம்ளருக்கு எட்டுன கைதான் வருது. எதையாவது இறுக்கிப் புடிச்சுக்கிட்டிருக்க எம்பிள்ளை கை இந்த உலகத்துல இந்தப் பேப்பருல மட்டும்தான் இருக்கு. அதைப் போயி அழிச்சிருங்கன்னு நான் சொல்லுவேனா?

தட்டி இருந்துட்டுப் போகட்டும். எழுத்தும் இருந்துட்டுப் போகட்டும். மாமா திட்டுவாக. திட்டட்டும். திங்கக்கிழமை நான் போகல, வேற யாரையாவது உக்கார வச்சுக்கட்டும். கடைக்காரர்கிட்டச் சொல்லத்தான் வார்த்தையச் சேத்துக்கிட்டே வர்றேன். உங்ககிட்டப் பேசுனதும் அதுக்குத்தான்போல. உள்ள போனதும் எனக்கு வார்த்தையெல்லாம் மறந்துரும். "தட்டியோடயே குடுங்க." இவ்வளவுதான். சொல்லிருவேன்ல?

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. நீங்க இறங்குங்க, நான் மடிச்சு வச்சுட்டு இறங்குறேன். ஒரு நிமிசம், உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா? இங்க பாருங்க, அந்த எழுத்து மேல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு விரல் தெரியுதா? கட்டைவிரல் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கு. இருக்குக்கா. நமக்குத்தான் தெரியல.